சனிக்கிழமைச் சந்தைக்கு ஒரு மேசை: கொழும்பில் கைவினை ஸ்டோல் போட முழு வழிகாட்டி

முதல் முறை நான் ஒரு கைவினைச் சந்தையில் மேசை போட்டபோது, முதல் ஆளாக வந்த அம்மா 300 ரூபா பனையோலைப் புத்தகக்குறி ஒன்றை எடுத்துக்கொண்டு 5,000 ரூபாத் தாளை நீட்டினார். என் கையில் இருந்த சில்லறை 700 ரூபா. பக்கத்து மேசைக்கு ஓடினேன். அங்கும் இல்லை. திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டார்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. நான் கட்டிய கொப்பிகளின் அட்டைகள் ஒவ்வொன்றாக அப்பளம்போல வளைய ஆரம்பித்தன. மூன்று மணிக்கு மழை. மேசையில் பதினொரு வகைப் பொருட்கள் இருந்தன, எதிலும் நாலைந்துக்கு மேல் இல்லை. இரவு கணக்குப் பார்த்தால் ஸ்டோல் காசுகூட வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், அன்று நடந்த எல்லாமே அதற்கு முந்திய கிழமையில் நான் செய்யாமல் விட்டவைதான். சந்தை நாளன்று நமக்கு இருக்க வேண்டிய வேலை நின்று பேசுவது மட்டும். மீதியெல்லாம் வெள்ளி இரவுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சந்தைக்கு முந்திய நாட்களைப் பற்றித்தான் இருக்கும். நான் விற்பது கைத்தறித் துணி போட்ட கொப்பிகள். நீங்கள் விற்பது தோடாகவோ மெழுகுதிரியாகவோ இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

1. எந்தச் சந்தை என்று முதலில் பாருங்கள்

கொழும்பில் எல்லாச் சந்தையும் ஒரே கூட்டத்துக்கு அல்ல. 2012இல் பத்தரமுல்லை தியத்த உயனவில் தொடங்கிய குட் மார்க்கெட், யார் செய்தார்கள், எதில் செய்தார்கள் என்று கேட்டுத்தான் ஆளைச் சேர்க்கும். சூழலுக்கும் மனிதருக்கும் கேடு செய்யாத பொருள் என்பது அதன் அடிப்படை. பின்னாட்களில் கொழும்பு 7 ரேஸ்கோர்ஸ் பக்கம் சனிக்கிழமைகளில் அது நடந்ததில் இருந்துதான் ‘சனிக்கிழமைச் சந்தை’ என்ற பழக்கமே என்னைப் போன்றவர்களுக்கு வந்தது.

1993இல் தொடங்கிய கலா பொல வேறு விதம். வருடத்துக்கு ஒரு நாள், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஓரத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் வேலையை வைக்கிற திருவிழா அது. நம் கொப்பிக்கும் தோட்டுக்கும் அங்கே இடம் தேட வேண்டாம், ஆனால் ஒருமுறை போய்ப் பாருங்கள். சனம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் கடக்கிறது என்பதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அந்த வீதிக்குப் பெயர் தந்த குமாரசுவாமி 1877இல் இதே கொழும்பில் பிறந்தவர். இலங்கைக் கைவினைஞரின் வேலையை நூறு வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து பதிவு செய்த மனிதர். அவர் பெயருள்ள வீதியில் கைவேலை விற்பது பொருத்தம்தான்.

இவை தவிர நத்தார்க் காலத்தில் ஹோட்டல்களிலும் பாடசாலைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் ஒருநாள் சந்தைகள் நடக்கும். புதியவருக்கு நான் சொல்வது இதுதான்: பெரிய சந்தைக்கு முன் ஒரு சின்ன மண்டபச் சந்தை. மழை இல்லை, வெயில் இல்லை, கட்டணம் குறைவு, தவறு செய்தால் பார்ப்பவரும் குறைவு.

எதற்கு விண்ணப்பித்தாலும், முதலில் வாடிக்கையாளராக ஒரு முறை போங்கள். பதினொரு மணிக்கு ஒரு சுற்று, மூன்று மணிக்கு இன்னொரு சுற்று. உங்களைப் போலவே விற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தோடு விற்பவர்கள் ஏற்கெனவே எட்டுப் பேர் இருந்தால் ஒன்பதாவதாகப் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். முக்கியமாக, கையில் பையோடு வெளியே வருகிறவர்களைப் பாருங்கள். சில சந்தைகளில் சனம் நிறைய இருக்கும், ஆனால் கையில் இருப்பது ஐஸ்கிரீம் மட்டுமே.

2. காலண்டரைப் பாருங்கள்

கார்த்திகைக் கடைசியில் இருந்து நத்தார் வரை எல்லாமே விற்கும். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் சனத்திடம் காசு இருக்கும், ஆனால் அது உடுப்புக்கும் வீட்டுக்கும் போகும். வெசாக் கிழமையில் கூட்டம் தோரணம் பார்க்கப் போய்விடும், வீதி நெரிசலில் உங்கள் வண்டியே வந்து சேராது. பலர் கவனிக்காத காலம் ஆடி, ஆவணி. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் நம் சனம் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வழியில் வெள்ளவத்தையில் தங்கும். அவர்களுக்குத் திரும்பிப் போகும்போது பெட்டியில் வைக்கப் பாரமில்லாத, உடையாத, ஊர் மணக்கிற ஒரு பொருள் வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்கு நான் பனையோலைப் புத்தகக்குறிகளை இரட்டிப்பாகச் செய்வேன்.

3. விண்ணப்பம்: படம்தான் பேசும்

படிவத்தில் எழுதுவதை யாரும் இரண்டு முறை வாசிப்பதில்லை. படத்தைத்தான் பார்ப்பார்கள். மூன்று படம் போதும். ஒன்று, வெறும் சுவருக்கு முன் பொருள் மட்டும். இரண்டு, அது பாவனையில் இருப்பது: கொப்பியில் யாரோ எழுதுவது, தோட்டை யாரோ போட்டிருப்பது. மூன்று, உங்கள் கை அதைச் செய்துகொண்டிருப்பது. காலை எட்டு மணி வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், கைத்தொலைபேசியில் எடுத்தால் போதும். மின்குமிழ் வெளிச்சத்தில் துணியின் நிறம் பொய் சொல்லும்.

கேட்க வேண்டிய கேள்விகளையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கட்டணத்தில் மேசையும் நாற்காலியும் அடக்கமா? கூரை உண்டா? விற்பனையில் பங்கு எடுப்பார்களா? மழை வந்து நிறுத்தினால் காசு திரும்புமா? வண்டி எத்தனை மணிவரை உள்ளே வரலாம்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை தொலைபேசியில் ‘மேசை தருவோம்’ என்றவர்கள் அன்று காலை ‘யார் சொன்னது?’ என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த மெழுகுதிரி அக்கா தன் மேசையில் பாதியைத் தராவிட்டால் தரையில்தான் விரித்திருப்பேன்.

4. பதிவும் மற்றக் காகிதங்களும்

ஒருநாள் சந்தைக்கு வியாபாரப் பதிவு கேட்காமலும் இருக்கலாம். ஆனாலும் எடுத்து வையுங்கள். பிரதேச செயலகத்தில் தனிநபர் வியாபாரமாகப் பதியலாம். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், இடத்துக்கான ஆவணம் என்று கேட்பார்கள். போகும்முன் பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். நம்மவர்கள் ‘பி.ஆர்.’ என்று சொல்கிற இந்தக் காகிதம் இருந்தால்தான் கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பது சுலபம். பெரிய கடைகளும் சரக்கு எடுக்கும்போது இதைத்தான் முதலில் கேட்கும்.

5. என்ன கொண்டுபோவது

பதினொரு வகை வேண்டாம். மூன்று போதும், கூடினால் நாலு. என் மேசையில் இப்போது இருப்பவை: 300 ரூபாப் புத்தகக்குறி, 1,450 ரூபா ஏ5 கொப்பி, 4,800 ரூபாப் பட ஆல்பம். ஆல்பம் ஒரு நாளைக்கு ஒன்று விற்றால் பெரிய விஷயம். அதை வைப்பது விற்பதற்காக மட்டும் அல்ல. ஆல்பத்தைப் பார்த்து நின்றவர்தான் கொப்பியை எடுப்பார். கொப்பி விலை கூடுதலாகத் தெரியாமல் இருப்பதும் பக்கத்தில் ஆல்பம் இருப்பதால்தான். புத்தகக்குறி பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும், ‘ஏதாவது வாங்கிவிட்டுப் போவோம்’ என்கிற நல்ல மனதுக்காரருக்கும்.

வகை குறைவாக, நிறம் நிறைய என்பதுதான் கணக்கு. ஒரே அளவுக் கொப்பி, பதினெட்டு வகைத் துணி. அப்போது வருகிறவர் ‘வாங்கவா வேண்டாமா’ என்று யோசிப்பதை விட்டுவிட்டு ‘நீலமா சிவப்பா’ என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்.

எத்தனை எண்ணிக்கை? நாற்பது கொப்பி விற்கும் என்று நினைத்தால் எழுபது கொண்டுபோங்கள். கடைசி இருபதை யாரும் நிறைந்த மேசையில் வாங்குவதுபோல வாங்க மாட்டார்கள். அரைகுறை மேசையைப் பார்த்தால் எல்லோருக்கும் ‘நல்லதெல்லாம் போய்விட்டது’ என்று தோன்றும்.

6. விலை: உங்கள் கூலியைப் போட மறக்காதீர்கள்

வீட்டில் செய்கிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், செய்கிற பெரிய பிழை இங்கேதான். துணிக் காசும் பசைக் காசும் மட்டும் கூட்டி, கொஞ்சம் மேலே வைத்து விற்பது. ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதானே’ என்று சொல்லிக்கொள்வது. சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று உண்மையில் உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு கொப்பிக்கு நான் போடுகிற கணக்கு இது. எண்கள் என்னுடையவை, முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடதாசி, அட்டை, துணி, நூல், பசை 380 ரூபா. நாற்பது நிமிட வேலை, மணிக்கு 450 ரூபா என்றால் 300. காகிதப் பையும் கார்டும் 40. ஆக 720 ரூபா. இது கொப்பி வீட்டை விட்டு வெளியே போகும் முன்பே ஆன செலவு.

அடுத்தது அந்த நாளின் செலவு. ஸ்டோல் 6,000, போக வர வண்டி 1,500, சாப்பாடும் தண்ணீரும் 800 என்றால் 8,300 ரூபா. ஒரு கொப்பியை 1,450க்கு விற்றால் 720 போக 730 மிஞ்சும். 8,300ஐ 730ஆல் பிரித்தால் பதினொன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஆகவே பன்னிரண்டாவது கொப்பி விற்கும்வரை அன்றைக்கு எனக்கு இலாபம் இல்லை. இந்த எண்ணை ஒரு துண்டில் எழுதிக் காசுப் பைக்குள் வைத்திருப்பேன். சந்தை மந்தமாக இருக்கும்போது பயம் வராமலும், நன்றாகப் போகும்போது தலை கால் தெரியாமல் போகாமலும் இருக்க அது உதவும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். நாளைக்கு ஒரு கடைக்காரர் வந்து ‘35 வீதம் எனக்கு’ என்றால் தாங்குமா? 1,450இல் 35 வீதம் போனால் உங்களுக்கு 942 ரூபா வரும். 720 போக 220 சொச்சம். தாங்கும். சந்தையில் 1,000க்கு விற்றிருந்தால் கடைக்கு விற்பது அன்றோடு முடிந்த கதை. பிறகு விலை ஏற்றினால் பழைய வாடிக்கையாளர்தான் முதலில் கேட்பார்.

7. செய்து முடிப்பது, காய வைப்பது

கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். அட்டை வளைவதற்குக் காரணம் வெயில் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பாதிதான் சரி. அட்டையின் வெளிப்பக்கம் துணி ஒட்டும்போது பசையின் ஈரத்தில் துணி விரியும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். உள்பக்கம் அதே அளவு இழுக்க ஒரு தாள் ஒட்டியிருந்தால் இரண்டும் சமன். நான் அவசரத்தில் உள்தாளை முழுதாக ஒட்டாமல் ஓரங்களில் மட்டும் ஒட்டியிருந்தேன். அதோடு கடதாசிக்கும் அட்டைக்கும் ‘நார்’ ஓடும் திசை ஒன்று உண்டு. அது கொப்பியின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். கடதாசியை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த மடிப்புக் கோடு ஓடுகிற திசைதான் நார்.

இப்போது ஒவ்வொரு கொப்பியும் பலகைக்கு அடியில், மேலே இரண்டு செங்கல்லோடு, ஒரு முழு நாள் இருக்கும். அதனால் கடைசிக் கொப்பி புதன்கிழமை ஒட்டப்பட்டு வியாழன் இரவு வெளியே வரும். வெள்ளி இரவு ஒட்டிச் சனி காலை விற்பது என்பது என் வீட்டில் தடை.

உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு நோய் இருக்கும். சவர்க்காரம் வியர்க்கும், மெழுகுதிரி ஓட்டோவின் பின்பக்கத்திலேயே உருகும், பனையோலைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பொருளை எடுத்து மத்தியான வெயிலில் நாலு மணி நேரம் மொட்டைமாடியில் வைத்துப் பாருங்கள். சந்தையில் தெரிவதைவிட வீட்டில் தெரிவது நல்லது.

கடதாசியும் அட்டையும் புறக்கோட்டையில், மலிபன் வீதிப் பக்கம் வாங்கலாம். மொத்தமாக எடுத்தால் விலை நன்றாகக் குறையும், ஆனால் கூட்டத்தில் சுமந்து வர ஆள் வேண்டும். பொதி கட்ட பிரவுண் காகிதப் பையே போதும். ஒரு ரப்பர் முத்திரை குத்திவிட்டால் அழகாகவும் இருக்கும். கைப்பிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க 2025 நவம்பரில் இருந்து அனுமதி இல்லை. அது தெரியாமல் கட்டுக் கட்டாக வாங்கி வைத்துவிடாதீர்கள்.

8. வெள்ளி இரவு: பெட்டி, சில்லறை, வண்டி

எல்லாம் இரண்டு பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஓட்டோ போதும். ஆறடி மேசையும் நீங்களே கொண்டுபோக வேண்டுமென்றால் ஓட்டோ சரிவராது, ‘பட்டா’ என்கிற சின்ன லொறி பிடிக்க வேண்டிவரும். ஸ்டோல் கட்டணம் குறைவாகத் தெரிகிற சந்தைகள் சில இப்படித்தான் கடைசியில் விலை கூடிப்போகும்.

சில்லறைக்கு நான் எடுப்பது 8,000 ரூபா: ஐம்பது ரூபாத் தாள் முப்பது, நூறு முப்பத்தைந்து, ஐந்நூறு ஆறு. விலை 1,450 என்று முடிவதால் ஐம்பதுதான் முதலில் தீரும். வங்கியில் வியாழக்கிழமையே மாற்றுங்கள். வெள்ளி பின்னேரம் போனால் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள்.

கூடவே: கத்தரிக்கோல், டேப், துணி கவ்வும் கிளிப் ஒரு டசின், பேனா, விற்பனை எழுத ஒரு கொப்பி (அது நம்மிடம் இருக்கும்), தொலைபேசி சார்ஜ் பண்ண பவர்பேங்க், பெரிய தடித்த பொலித்தீன் விரிப்பு, வெற்று ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நாலு. போத்தல் எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

9. மேசை அடுக்குவது

திறக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். முதல் வேலை வெயில் எந்தப் பக்கம் வரும் என்று பார்ப்பது. காலையில் நிழலாக இருக்கும் மேசை இரண்டு மணிக்கு அடுப்பாகிவிடும்.

தரைவரை தொங்கும் துணி விரியுங்கள், பெட்டிகள் அதற்குள் மறையும். மேசையில் எல்லாவற்றையும் படுக்க வைத்தால் நாலடி தள்ளி நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் இரண்டு பழைய மரப்பெட்டிகளைக் கவிழ்த்து உயர்த்துங்கள். ஆல்பம் மேலே நிற்கட்டும், கொப்பிகள் முன்னே சரிவாக, புத்தகக்குறி கைக்கு எட்டும் ஓரத்தில். ஒரு கொப்பியை எப்போதும் திறந்தே வைத்திருங்கள், பக்கத்தில் பேனாவோடு. ‘எழுதிப் பாருங்கள்’ என்று ஒரு சின்ன அட்டை. கை தொட்ட பொருளைத் திருப்பி வைக்க மனம் வருவது கொஞ்சம் கஷ்டம்.

ஒவ்வொரு பொருளிலும் விலை இருக்க வேண்டும். விலையைக் காட்டுவது நுகர்வோர் சட்டப்படியும் வியாபாரியின் கடமை. சட்டத்தை விடுங்கள், விலை கேட்கக் கூச்சப்பட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பெயர்ப்பலகை மூன்று மொழியிலும். தமிழை மூன்றாவதாகச் சின்ன எழுத்தில் போடுகிற பழக்கத்தை நாமே தொடர வேண்டாம். என் பலகையில் தமிழ் பெரிதாக இருப்பதைப் பார்த்தே நிற்கிறவர்கள் உண்டு.

10. நின்று விற்பது

‘என்ன வேணும்?’ என்று கேட்காதீர்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வழி கொடுக்கிற கேள்வி அது. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிட மோசம்.

நான் கொப்பி தைப்பேன். தேன்மெழுகு பூசிய நூலும் குத்தூசியும் மடித்த தாள்களும் முன்னால் இருக்கும். ஊசி உள்ளே போய் நூல் ‘ஸ்ஸ்’ என்று இழுபடும்போது நடக்கிற கால் நிற்கும். நின்றவர் முதல் கேள்வி கேட்கும்வரை நான் தலை தூக்கிச் சிரிப்பதோடு சரி. அநேகமாக அந்தக் கேள்வி ‘நீங்களே செய்ததா?’ என்பதுதான். சிங்களத்தில் வந்தால் ‘மேவா அதின் ஹதபு ஏவாத?’ ‘கீயத?’ (எவ்வளவு?) என்ற கேள்விக்கும் ‘அடு கரன்ன பெரித?’ (குறைக்க முடியாதா?) என்ற கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் பாதிச் சிங்களம் போதும், மீதியைப் பொருள் பேசும்.

ஒரு நாள் வயதான ஒருவர் நின்றார். தொப்பி, கையில் குடை. கொப்பி எதையும் திறக்கவில்லை. பச்சையும் கறுப்பும் கோடு போட்ட அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“புள்ள, இது எங்கட ஊருச் சாரம்தானே?”

“ஓம், நானா. மருதமுனைத் துணி. வெட்டின மிச்சத்துல செய்றன்.”

“நான் சொல்லல்ல?” என்று பின்னால் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, தன் வாப்பா தறியில் இருந்தது, கல்முனைச் சந்தைக்குச் சாரம் சுமந்து போனது என்று பத்து நிமிடம். மூன்று கொப்பி வாங்கினார். அவர் எழுதுகிற ஆளாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு கொப்பியின் பின்னட்டைக்குள்ளும் துணி எந்த ஊர் என்று ஒரு வரி ஒட்டுகிறேன். யாழ்ப்பாணத்துப் பனையோலை, மருதமுனைக் கைத்தறி என்று. நீங்கள் விற்பதற்கும் ஒரு ஊர் இருக்கும். தேங்காய்ச் சிரட்டை என்றாலும் எந்தத் தோட்டத்துச் சிரட்டை என்று ஒரு வரி எழுதலாம். பொய் மட்டும் வேண்டாம். புறக்கோட்டையில் வாங்கிய இறக்குமதித் துணி என்றால் பேசாமல் இருங்கள். துணி தெரிந்தவர்கள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள்.

பேரம் வரும். புறக்கோட்டையில் பழகிய ஊர், வராமல் இருக்காது. கோபப்பட ஒன்றுமில்லை. விலையைக் குறைக்காமல் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்: இரண்டு கொப்பிக்கு ஒரு புத்தகக்குறி. மூன்று எடுத்தால் 4,000 என்பது என் கடைசி வார்த்தை. ஒருவருக்கு ஒற்றைக் கொப்பியை 1,200க்குக் கொடுத்தால், அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் அதே விலை சொல்ல வேண்டிவரும்.

படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றி நிறையப் பேர் புலம்புவார்கள். ‘டிசைனைத் திருடப் போகிறார்கள்’ என்று. சிலர் செய்யத்தான் செய்வார்கள். ‘படம் எடுக்காதீர்கள்’ என்று பலகை மாட்டிய மேசை முன்னால் வாங்க வந்தவரும் நிற்பதில்லை என்பதே என் அனுபவம். எடுக்கட்டும், கார்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

காசு விஷயம். தொலைபேசியில் ஸ்கேன் பண்ணிக் காசு அனுப்புகிற லங்கா கியூ.ஆர். அட்டையைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் நிறுத்துங்கள், இளையவர்களில் பாதிப் பேர் காசு கொண்டுவருவதில்லை. ஆனால் அவர்கள் தொலைபேசியில் காட்டும் ‘அனுப்பப்பட்டது’ படத்தை நம்ப வேண்டாம். உங்கள் தொலைபேசிக்குச் செய்தி வந்த பிறகே பையைக் கொடுங்கள். கூட்டத்தில் சிக்னல் மந்தமாகும். ‘ஒரு நிமிடம், எனக்கும் வரட்டும்’ என்று சிரித்துச் சொன்னால் நேர்மையானவர் யாரும் முறைப்பதில்லை. காசை இடுப்புப் பையில் வைத்திருங்கள், டப்பாவில் வேண்டாம். 5,000 ரூபாத் தாள் வந்தால் மீதி எண்ணிக் கொடுக்கும்வரை அதைக் கண்முன் மேசையில் வையுங்கள். ‘நான் ஐயாயிரம் தந்தேன்’ என்ற வாக்குவாதமே வராது.

தனியாகப் போகாதீர்கள். என் சித்தி மகள் வருவாள். அவள் பொதி கட்டுவாள், நான் பேசுவேன். ஆள் கிடைக்காவிட்டால் காலையிலேயே பக்கத்து மேசையோடு சிநேகமாகிவிடுங்கள், கழிவறைக்குப் போக அவர்தான் துணை. சாப்பாட்டுப் பார்சலை பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் அப்போதுதான் கூட்டம் வரும். பதினொன்றுக்கு முன்னால், இல்லையென்றால் இரண்டரைக்குப் பிறகு. மீன் குழம்பு வேண்டாம், கொப்பிகள் மணக்கும்.

பெயர் பொறித்துத் தரச் சொல்லி ஓர்டர் கேட்பார்கள். எடுங்கள், அரைவாசிக் காசு முன்பணமாக வாங்கிக்கொண்டு. பெயரை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஷ்’ஆ ‘ஸ்’ஆ என்று பின்னர் தொலைபேசியில் கேட்பது இரண்டு பேருக்கும் தலையிடி.

11. மழை

ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்குப் பின் இடி முழக்கத்தோடு வரும் மழை கொழும்புக்குப் பழக்கம். சித்திரையிலும் அப்படித்தான். வானம் கறுக்கும்போது ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று நினைக்காதீர்கள். முதலில் காற்று வரும், கூடாரம் எழும்பும். அதற்குத்தான் அந்த நாலு போத்தல்: காலையிலேயே தண்ணீர் நிரப்பிக் கூடாரத்தின் நாலு காலிலும் கட்டிவிடுங்கள். ஒன்று ஐந்து கிலோ, நாலும் சேர்ந்து இருபது. காற்று வந்ததும் விரிப்பைப் போட்டு கிளிப்பால் கவ்வுங்கள். விரிப்புக்கு அடியில் பொருள் வேர்க்கும். மழை விட்டதும் முதல் வேலை அதைத் தூக்குவது.

மழை விட்ட அரை மணி நேரம் நல்ல விற்பனை நேரம் என்பது விசித்திரம். ஒதுங்கி நின்ற சனம் போக மனமில்லாமல் சுற்றும். பக்கத்து மேசைகள் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும்.

12. அன்று இரவே எழுதுங்கள்

களைப்பாக இருக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று தோன்றும். ஞாயிறு காலையில் பாதி மறந்துவிடும். விற்றது எத்தனை, காசாக எவ்வளவு, கியூ.ஆரில் எவ்வளவு, கையில் இருக்க வேண்டியது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 8,000 சில்லறையைத் தனியே எடுத்து வைத்த பிறகே மீதி உங்களுடையது.

அப்புறம் இன்னொரு பட்டியல். பலர் எழுதாதது, எனக்கு அதிகம் உதவியது. கையில் எடுத்துவிட்டு மறுபடி வைத்துவிட்டுப் போன பொருட்கள். நாள் முழுக்க சித்தி மகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே இருப்பாள். யாருமே தொடாத துணி என்றால் அடுத்த முறை அது மேசைக்கு வராது. ஆனால் இருபது பேர் எடுத்து இருபது பேரும் வைத்த பொருளில் வேறு ஏதோ பிழை இருக்கிறது. போன முறை அப்படி ஒரு சிவப்புக் கொப்பி. துணியைப் பார்த்து ஆசையாக எடுத்தார்கள், திறந்தார்கள், வைத்தார்கள். இரவு நானே திறந்து பார்த்தேன்: உள்ளே கோடு போட்ட தாள். மற்ற எல்லாவற்றிலும் வெறும் தாள். புறக்கோட்டையில் அன்று வெறும் தாள் தீர்ந்திருந்ததால் மாற்றி வாங்கியது.

ஆறு சிவப்புக் கொப்பியின் தையலையும் அன்றிரவே பிரித்துவிட்டேன். அட்டைகள் தாளுக்காகக் காத்திருக்கின்றன. திங்கள் காலை மலிபன் வீதி.